கடைத்தெருவுக்கு ராணுவம் கேட்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஒரு வருஷமாகக் கடைத்தெரு சரியில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு பைக்கில் மூன்று பேராக வருகிறார்கள். முதுகில் அரிவாள் சொருகியிருப்பது சட்டைக்கு மேலேயே தெரிகிறது. கஞ்சாவும் இருப்பதாகச் சொல்கிறார்கள். போன மாதம் மாமூல் தரவில்லை என்று பழக்கடையில் தொங்கிய தார்களையெல்லாம் ரோட்டில் இழுத்துப்போட்டார்கள். ஸ்டேஷனில் கேட்டால் "எல்லாரும் பந்தோபஸ்து போயிருக்காங்க, ஆள் இல்லை" என்கிறார்கள். அமெரிக்காவில் ஊருக்குள் ராணுவத்தை இறக்கியதாகச் செய்தியில் பார்த்தேன். இங்கேயும் தேர்தலுக்கு ராணுவம் வந்து நின்றபோது ஒரு பயல் வாலாட்டவில்லை. தஞ்சாவூரிலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது. ராணுவத்தை அனுப்பச் சொல்லி வியாபாரிகள் சங்கம் சார்பில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். என் மகன் ராணுவத்தில் சிப்பாய். அவனிடம் சொன்னால் "வேணாம்ப்பா, தப்பு" என்று போனை வைத்துவிட்டான். ஏன் தப்பு? நாளைக்கு அவனையே இப்படி ஒரு ஊரில் நிறுத்திச் சுடச் சொன்னால் அவன் கதி என்ன?

பதில் (ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. ஒருவர்):

ஐயா, முதலில் ஒரு திருத்தம். தேர்தலுக்கு வந்து நின்றவர்கள் ராணுவம் இல்லை. மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை, தொழிற்பாதுகாப்புப் படை என்று பல பெயரில் வருகிற அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் ஆட்கள். உங்கள் மகன் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட உடுப்பைப் பார்த்ததும் நமக்கு எல்லாம் ராணுவம்தான். நம் பத்திரிகைகளும் "துணை ராணுவம்" என்றே எழுதிப் பழக்கிவிட்டன. போலீஸ் வேலையைப் போலீஸ் படை செய்ததைப் பார்த்துவிட்டு அந்தப் பெருமையை ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படி ஒரு தேர்தலில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு செக்போஸ்டில் நான் நின்றிருந்தேன். எங்களோடு நின்றது வடக்கேயிருந்து வந்த ஒரு மத்தியப் படைப் பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். சாயங்காலம் ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். கேரியரில் அரிவாள். பையன் கண்ணில் அது பட்டதுதான் தாமதம், தோளில் கிடந்த துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது. பெரியவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். எங்கள் ஏட்டு குறுக்கே ஓடிவந்து, "கேலா, கேலா" என்று கத்தினார். வாழைப்பழத்துக்கு இந்தியில் கேலா என்று அவருக்குத் தெரியும், அதற்கு மேல் இந்தி தெரியாது. கீழே விழுந்த அரிவாளோடு ஒரு சீப்பு மொந்தன்காயும் உருண்டு கிடந்தது. வாழை வெட்டிவிட்டு வீடு திரும்புகிற ஆள். பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் ஊரில் சாயங்கால நேரத்தில் ரோட்டில் அரிவாளோடு வந்தால் அதற்கு வேறு அர்த்தம்.

அரை மணி கழித்து அதே ஏட்டு ஒரு ஸ்கூட்டரை நிறுத்தினார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. "நீ இன்னார் மவன்தானே, இந்நேரத்துக்கு இந்தப் பக்கம் என்ன?" என்றார். பையன் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. சீட்டைத் தூக்கச் சொன்னார். துணி சுற்றிய பட்டாக்கத்தி உள்ளே இருந்தது. மத்தியப் படைப் பையன் அந்த ஸ்கூட்டருக்கு ஏற்கெனவே வழி விட்டுவிட்டிருந்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்திலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் சட்டமும் கேட்டிருக்கிறீர்கள்.

அரசமைப்பில் போலீஸும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மத்தியப் படைகளை மாநிலத்துக்குள் நிறுத்துவது மத்தியப் பட்டியலில், 2ஏ என்ற இனமாக, 1976ன் 42வது திருத்தத்தில் சேர்த்தது. ஆகவே கடைத்தெருக் காவலுக்கு ராணுவத்தைக் கொண்டுவந்து வைப்பது கலெக்டர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது ஓர் அவசர அதிகாரம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129லிருந்து 132 வரை இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 148லிருந்து 151 வரை வந்திருக்கிறது. சட்டவிரோதமாகக் கூட்டம் கூடினால் முதலில் கலையச் சொல்ல வேண்டும். கலையாவிட்டால் போலீஸ் கலைக்க வேண்டும். வேறு எந்த வழியிலும் கலைக்க முடியாது, கலைக்காவிட்டால் பொதுப் பாதுகாப்புக்கே ஆபத்து என்ற நிலை வந்தால், சம்பவ இடத்தில் இருக்கிற மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட், ஆயுதப் படையின் அதிகாரியிடம் கேட்கலாம். அப்போதும் அந்த அதிகாரி எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவான பலத்தைத்தான் காட்ட வேண்டும். இது சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது.

கவனித்தீர்களா, பேச்செல்லாம் கூட்டத்தைப் பற்றி. பைக்கில் வந்து மாமூல் கேட்கிற மூன்று பேர் கூட்டம் ஆக மாட்டார்கள். சட்டவிரோதக் கூட்டத்துக்கு ஐந்து பேராவது வேண்டும். ஐந்தாக வந்தாலும் கலையச் சொன்னால் கலைந்துவிடுவார்கள், மறுநாள் வருவார்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தையும் சொன்னீர்கள். அங்கே இருப்பது சுகோய் விமானம். 2020 ஜனவரியில் ஒரு சுகோய் அணியே அங்கே வந்து அமர்ந்தது. கடலுக்கு மேல் பறக்க வந்தவர்களைப் பழக்கடை வாசலில் என்ன செய்யச் சொல்வீர்கள்?

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே ராணுவம் உள்ளூர் போலீஸ் வேலை செய்யக்கூடாது என்று 1878லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கலகத்துக்கென்று 1807லிருந்து ஒரு விதிவிலக்குச் சட்டமும் உண்டு. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் சுமார் 4,000 தேசியக் காவல் படையினரும் 700 மரைன்களும் (அமெரிக்கப் படையின் ஒரு பிரிவு) இறக்கப்பட்டார்கள். மாநில ஆளுநர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. (அங்கே ஆளுநர் என்றால் ஓட்டு வாங்கி வந்தவர், நம் முதலமைச்சர் மாதிரி.) செப்டம்பரில் ஒரு மத்திய நீதிபதி, படையைப் பயன்படுத்திய விதம் 1878 சட்டத்தை மீறியது என்று தீர்ப்புச் சொன்னார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. வாஷிங்டனில் ஆகஸ்டில் இறக்கிய படையினரில் பலர் பூங்காக்களில் குப்பை பொறுக்கியதும் செய்தியில் வந்தது. உங்களுக்கு வந்த செய்தியில் அது இருந்திருக்காது.

நான் பயிற்சிக்கு வருகிற பையன்களுக்குச் சொல்லுவது அதைவிடப் பழைய கதை. 1992ல் அதே லாஸ் ஏஞ்சல்ஸில் பெரிய கலவரம். மரைன்களை வரவழைத்தார்கள். பக்கத்து ஊரான காம்ப்டனில் ஒரு வீட்டில் குடும்பச் சண்டை என்று இரண்டு போலீஸ்காரர்கள் போகிறார்கள், துணைக்கு மரைன்கள். உள்ளேயிருந்து ஒருவன் கதவு வழியாகச் சுடுகிறான், பறவை சுடுகிற சில்லறை ரவை. போலீஸ்காரர் மரைன்களைப் பார்த்து "கவர் மீ" என்று கத்துகிறார். போலீஸ் பாஷையில் அதற்கு, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நில், தேவைப்பட்டால் சுடு என்று அர்த்தம். மரைன் பாஷையில், நான் நகரும்வரை எதிரி தலை தூக்காதபடி சுட்டுக்கொண்டே இரு என்று அர்த்தம். அவர்கள் சொன்னபடி செய்தார்கள். 200க்கு மேல் ரவைகள் அந்த வீட்டுக்குள் போயின. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். யார் மேலும் படவில்லை, அது அவர்கள் அதிர்ஷ்டம். இதில் யார் மேல் தப்பு? சொன்னவர் சரியாகச் சொன்னார், கேட்டவரும் சரியாகவே கேட்டார். ஒரே மொழி பேசுகிற, ஒரே நாட்டுக்காரர்கள். தொழில் வேறு, அவ்வளவுதான். நம் கடைத்தெருவில் இந்தியும் தமிழும் வேறு குறுக்கே நிற்கும்.

இன்னொன்று, ராணுவ ரைஃபிளின் ரவை சில நூறு மீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது.

அப்படியானால் ராணுவத்தைக் கூப்பிடவே கூடாதா என்றால், அதுவும் இல்லை. 1998 பிப்ரவரி 14, கோயம்புத்தூர் குண்டுவெடிப்பு. வெளி மாவட்டங்களிலிருந்து பந்தோபஸ்துக்குப் போனவர்களில் நானும் ஒருவன். அதற்கு மூன்று மாதம் முன்னால், நவம்பரில், ஒரு காவலர் கொல்லப்பட்டு, அதை ஒட்டிக் கலவரம் நடந்திருந்தது. ஊரில் ஒரு பகுதி மக்கள் காக்கிச் சட்டையையே நம்பாத நேரம். அதற்குக் காரணமும் இருந்தது, என் துறை என்பதற்காக மறைக்க மாட்டேன். அப்போது ராணுவ லாரிகள் தெருவில் வந்தபோது இரண்டு பக்கத்து ஜன்னலும் திறந்ததை நான் பார்த்தேன். அவர்களுக்கு ஊரில் சொந்தக்காரன் இல்லை, சாதிக்காரன் இல்லை, பழைய பகை இல்லை. திருக்காட்டுப்பள்ளியில் அந்தப் பையனுக்கு ஊர் தெரியாதது குறையாக இருந்தது. கோயம்புத்தூரில் ஊர் தெரியாததே பலமாகிவிட்டது. போலீஸே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று ஜனங்கள் நினைக்கிற நாளில், ஊர் மொத்தமும் தீப்பற்றி எரிகிற நாளில், ராணுவம் வேண்டும். சுனாமிக்கு நாகப்பட்டினத்தில் வந்தார்களே, அது போல இடிபாட்டுக்கும் வெள்ளத்துக்கும் வேண்டும். ஆனால் குண்டு வைத்தது யார், எந்தக் கடையில் வயர் வாங்கினான் என்று ஒவ்வொரு சாட்சியாகத் தேடி வழக்கை நிறுத்தியது போலீஸ்தான்.

வந்தவர்கள் எப்போது போவார்கள் என்பது அடுத்த கேள்வி. 1969 ஆகஸ்டில் வட அயர்லாந்துத் தெருக்களில் பிரிட்டிஷ் ராணுவம் இறங்கியபோது, தங்களைக் காப்பாற்ற வந்தவர்கள் என்று கத்தோலிக்கப் பெண்கள் டீ போட்டுக் கொடுத்தார்கள். நாமும் டிகிரி காபி கொடுப்போம், சந்தேகமில்லை. 1972 ஜனவரி 30 அன்று டெர்ரி நகரில் அதே ராணுவத்தின் பாராசூட் படை, ஊர்வலம் போனவர்களில் 13 பேரை அன்றைக்கே சுட்டுக் கொன்றது. படை நடவடிக்கை முடிந்தது 2007ல். கொஞ்ச நாளைக்கு என்றுதான் கூப்பிட்டார்கள்.

நம் பக்கத்திலேயே வெளியூர்ப் போலீஸ் முகாம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 1948ஐ ஒட்டி விவசாயிகள் இயக்கத்தை அடக்கக் கீழத்தஞ்சைக்கு அனுப்பிய மலபார் ஸ்பெஷல் போலீஸை, என் பாட்டி கடைசிவரை பெயர் சொல்லாமல் "அவனுவ" என்றுதான் சொல்லுவார். அது ராணுவம்கூட இல்லை.

உங்கள் மகன் விஷயம். தம்பி "தப்பு" என்று ஒரே வார்த்தையில் சொன்னதற்குப் பின்னால் அவர் படித்த பாடம் இருக்கிறது. எதிரியைச் சுடப் பழகியவன் சொந்த ஊர்க்காரனுக்கு எதிரே நிற்பதை ராணுவத்தில் யாருமே விரும்புவதில்லை. அப்படி நிற்க நேர்ந்தால், அவர் தனியாக நிற்க மாட்டார், கட்டளையிட ஓர் அதிகாரி இருப்பார். எங்கள் இன்ஸ்பெக்டரோ நானோ "சுடு" என்று அவருக்கு உத்தரவு போட முடியாது. கூட்டத்தைக் கலைக்க வேண்டும் என்று சொல்வது மாஜிஸ்திரேட், எப்படிக் கலைப்பது என்பது ராணுவ அதிகாரியின் பொறுப்பு. மாஜிஸ்திரேட்டைத் தொடர்பு கொள்ளவே முடியாத ஆபத்தில் மட்டும் அந்த அதிகாரி தானாக நடவடிக்கை எடுக்கலாம். தொடர்பு கிடைத்ததும் மாஜிஸ்திரேட் சொல்வதைக் கேட்க வேண்டும். கட்டுப்பட வேண்டிய உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஒரு சிப்பாய் செய்ததைக் குற்றமாகக் கொள்ளக்கூடாது என்று அதே புதிய சட்டத்தின் 151வது பிரிவு சொல்கிறது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அவர் மேல் வழக்குத் தொடரவும் முடியாது. வடகிழக்கு மாநிலங்களிலும் காஷ்மீரிலும் பேசப்படுகிற ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வேறு. அது "கலவரப் பகுதி" என்று அறிவித்த இடத்துக்கு மட்டும். அதையும்கூட, ராணுவம் உள்ளூர் நிர்வாகத்துக்கு உதவிதான், அதன் இடத்தில் உட்கார முடியாது என்று சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் 1997ல் ஏற்றுக்கொண்டது. சட்டப்படி தம்பிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ராத்திரி தூக்கம் வருமா என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

சரி, கடைத்தெருவுக்கு என்ன வழி?

கஞ்சா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது துப்பாக்கியால் நிற்கிற வழக்கு இல்லை, பேப்பரால் நிற்கிற வழக்கு. யார் சோதனை போட்டது, அவருக்கு அதிகாரம் இருந்ததா, கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை செய்யச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு என்று பிடிபட்டவனிடம் சொன்னார்களா, மகஜர், அதாவது பறிமுதல் குறிப்பு, எந்த இடத்தில் எழுதினார்கள், எடை போட்டபோது யார் நின்றார்கள் என்று வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒன்று சறுக்கினாலும் ஆள் வெளியே. நாங்களே சறுக்குகிறோம். சிப்பாய் பிடித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பழக்கடைக்காரர் எழுத்தில் புகார் கொடுத்தாரா? நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஸ்டேஷனில் வாய்வார்த்தையாகச் சொன்னது "ஆள் இல்லை" என்ற பதிலோடு முடிந்துவிடும். எழுதிக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்கிற, புகார் வாங்கியதற்கான ரசீதாவது கொடுத்தாக வேண்டும். மிரட்டிப் பணம் கேட்பது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம், எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புதிய சட்டத்தின் 173வது பிரிவின்படி மாவட்டப் போலீஸ் தலைவரான எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அவர் தனியாகக் கொடுக்கப் பயப்படுவார். சங்கத்தில் பத்துக் கடைக்காரர்கள் சாட்சியாகக் கையெழுத்துப் போடுங்கள், கேமரா பதிவு இருந்தால் அழியும் முன் காப்பி எடுத்து வையுங்கள். மாமூல் என்ற சொல்லுக்கு எங்கள் துறையிலும் பழைய பழக்கம் உண்டு, அந்தச் சந்தேகம் இருந்தால் எஸ்.பி. அலுவலகத்துக்கே போங்கள். புதன்கிழமை மனு வாங்குகிறார்கள்.

அந்த மூன்று பேரின் பெயர் ஸ்டேஷனில் பெரும்பாலும் இருக்கும். பழைய வழக்கு உள்ளவன் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் நிறுத்தி நன்னடத்தைப் பிணை வாங்கலாம். நாங்கள் "110ல் பாண்டு" என்று சொல்லிப் பழகியது, இப்போது புதிய சட்டத்தில் 129வது பிரிவு. மூன்று வருஷம் வரை பாண்டு. அதை மீறினால் பாண்டில் எழுதிக் கொடுத்த பணத்தைக் கட்ட வேண்டிவரும். அதற்கும் அடங்காதவனுக்கு 1982ன் குண்டர் தடுப்புச் சட்டம் இருக்கிறது, கலெக்டர் கையெழுத்தில் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்துகொண்டே இருக்கிறது, அதனால் முதலில் பாண்டையே கேளுங்கள்.

ஆள் இல்லை என்பது பொய் இல்லை. தேரோட்டம், அமைச்சர் வருகை, ஊர்வலம் என்று ஸ்டேஷன் ஆட்களை உருவிக்கொண்டே இருப்பார்கள். அந்த வேலைக்குத் திருச்சியிலேயே சிறப்புக் காவல் படை பட்டாலியன் இருக்கிறது. பந்தோபஸ்துக்கு அவர்களை வரவழைத்து, கடைத்தெரு பீட் போலீஸைக் கடைத்தெருவிலேயே விடுங்கள் என்று கேட்கலாம். இது போலீஸ் துறைக்குள்ளேயே முடிகிற காரியம். ராணுவம் கேட்டால் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு தாள் வரும்.

மனு எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் எங்கேயாவது, நகைக்கடையிலோ ஏ.டி.எம்.மிலோ கோயில் வாசலிலோ, ரோந்துக் காவலர் கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகம் தொங்கும். சில ஊர்களில் அதற்குப் பதில் போனில் ஸ்கேன் செய்கிற அட்டை ஒட்டியிருக்கிறார்கள். புத்தகமாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்லிப் புரட்டிப் பாருங்கள். எந்தெந்தத் தேதியில் கையெழுத்து இல்லை, எந்தெந்தத் தேதியில் ஒரே மையில் ஒரே மூச்சில் நாலு நாள் கையெழுத்து விழுந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், கணக்கு எழுதிப் பழகிய கண் உங்களுடையது. அந்தத் தேதிகளைக் குறித்து மனுவில் சேருங்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் ஒன்று, புதன்கிழமை எஸ்.பி.யிடம் ஒன்று. இரண்டிலும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், நகல் ஒன்றைக் கடையில் வையுங்கள்.